அஸ்தம்பட்டி மளிகைக் கடையின் வலப்பக்க அலமாரி: இரண்டரை வருட அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்ன மளிகைக் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். வலப்பக்கச் சுவரில் இருக்கிற அலமாரிதான் வேறு மாதிரி. திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்பாளர்கள் என்று பலரும் சிறு தொழிலாகச் செய்கிற ஊறுகாய், பொடி, வத்தல், தின்பண்டம் மட்டும்தான் அதில் இருக்கும். இரண்டரை வருடமாக மாதத்துக்கு இரண்டு முறையாவது வாங்குகிறேன்.

முதலில் ஜவ்வரிசி வத்தல். நம்மூர், ஜவ்வரிசி செய்கிற குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) பேர்போன ஊர். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியும் நல்ல வத்தல் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே கிடைப்பது எண்ணெயில் போட்டதும் பூவாக விரிகிறது, நடுவில் கல் மாதிரி கடிபடுவதில்லை. ஜவ்வரிசி கண்ணாடி போல வெந்த பிறகு ஊற்றிக் காயவைத்தால்தான் அப்படி வரும். அரைவேக்காட்டில் ஊற்றினால் காய்ந்த பிறகு பார்த்தால் தெரியாது, பொரிக்கும்போது தெரிந்துவிடும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், பளீர் வெள்ளையாக இருக்கிற ஜவ்வரிசியைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஐப்பசியில் வாங்கியது நமத்துப் போயிருந்தது.

தட்டுவடை நல்ல மொறுமொறுப்பு. வீட்டிலேயே பீட்ரூட், கேரட் துருவி, இரண்டு சட்னி அரைத்து செட் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் கடைத்தெருவுக்குக் கூப்பிடுவதில்லை. பாக்கெட் ஒட்டு மட்டும் சரியில்லை. பிரித்த அன்றே டப்பாவில் போட்டுவிடுங்கள். சாமை, தினைப் பொடிகள் சுமார்தான், அதைவிட நம் வீட்டில் திரிப்பதே மேல்.

ஆனால் எலுமிச்சை ஊறுகாய்க்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். செய்கிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு திருநங்கை அக்கா. அரசு கொடுக்கும் 50,000 ரூபாய் சுயதொழில் மானியத்தில் கிரைண்டரும் பெரிய அண்டாக்களும் வாங்கித் தொடங்கியவர். உப்பில் ஊறிய எலுமிச்சையை வெயிலில் சுண்டவைத்து, நல்லெண்ணெயில் தாளித்து, கடைசியில் வறுத்த வெந்தயப்பொடி போடுகிறார். வினிகர் கிடையாது. தோல் கசப்பு துளியும் இல்லை. தயிர்சோற்றுக்கு என் மாமியார் வேறு ஊறுகாயைத் தொடுவதே இல்லை.

போன வருடம் அந்த ஊறுகாய் நாலு மாதம் வரவே இல்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் கடைக்கார அண்ணா விவரம் சொன்னார். அக்கா இருந்த வீட்டைத் திடீரென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். வாடகை பாக்கி எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரோ பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேறு வீடு தேடினால், யார் என்று தெரிந்ததும் "வீடு போயிடுச்சுங்க" என்கிற பதில்தான். உணவுத் தொழிலில் வீடு மாறுவது என்பது சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகிற காரியம் மட்டும் இல்லை. பாக்கெட்டில் 14 இலக்க எண் பார்க்கிறோமே, அந்த உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொருளைத் தயாரிக்கிற இடத்தின் முகவரிக்குத்தான் தரப்படுகிறது. இடம் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும், லேபிளையும் மாற்ற வேண்டும். அதுவரை விற்க முடியாது. பரணியில் ஊறிக்கொண்டிருந்த எலுமிச்சையை என்ன செய்தார் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சரக்கு ஒழுங்காக வருவதில்லை என்று இந்தக் கடையைப் பற்றிச் சிலர் குறைபடுகிறார்கள். உண்மைதான், நானும் சலித்துக்கொண்டதுண்டு. இது தெரிந்த பிறகு சலித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அப்புறம் ஏற்காட்டுக் காபி. அரபிகா கொட்டை, சிக்கரி கலக்காமல் கேட்டாலும் கிடைக்கும். டிகாஷன் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் வாசம் பக்கத்து வீடு வரை போகும். இது வலப்பக்க அலமாரியில் இல்லை, சர்க்கரைக்குப் பக்கத்தில் இருக்கும். "இதுவும் அவங்க செய்யறதாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். "காபி எப்படி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களுக்குச் சொல்லிடறேன்" என்றார். எனக்குப் புரிய நேரமாயிற்று. பாக்கெட்டில் தயாரிப்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவருடைய பொருளை அந்த அலமாரியில் வைத்தால், அவர் சொல்ல வேண்டியதைக் கடை சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அதனால் யார் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் செய்கிறவரே முடிவு செய்கிறார். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அலமாரிக்கு மேலே முதலில் 'திருநங்கைகளுக்கு உதவுங்கள்' என்று எழுதியிருந்தது. ஊறுகாய் அக்கா நேரில் வந்து அதை எடுக்கச் சொல்லியிருக்கிறார். "உதவின்னா ஒருதடவ வாங்குவாங்க தம்பி. ருசின்னா திரும்ப வருவாங்க" என்றாராம். இப்போது 'பால்புதுமையர் கைப்பக்குவம்' என்று இருக்கிறது. திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என எல்லோரையும் சேர்த்துச் சொல்வதற்கு, 2022-ல் தமிழ்நாடு அரசிதழில் வந்த சொற்பட்டியலில் இருக்கிற சொல். என் மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் கேட்டார். சொன்னேன். "நம்ம ஊர் எஸ்.ஐ. பொண்ணு, பிரித்திகா, அந்த மாதிரியா?" என்றார். காவல்துறையில் எஸ்.ஐ. ஆன சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினியைத்தான் சொன்னார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு இரண்டு பாட்டில் எடுத்துக் கூடையில் வைத்தார்.

விலை மற்ற கடைகளைவிட இருபது, முப்பது ரூபாய் கூடத்தான். ஊறுகாய்க்கும் காபிக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஞாயிறு மதியம் கடை இல்லை. வத்தல் வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

போன வாரம் வாங்கிய ஊறுகாய் பாட்டிலில் புது முகவரி அச்சாகியிருந்தது. அம்மாப்பேட்டைப் பக்கம்.