ஆறு கிழமைக்கு ஒருக்கா மாறுற சுவர்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிப்போட்டு, சரியான வெய்யிலுக்கை பரந்தனில இருந்து மோட்டச்சைக்கிள்ல போய் இறங்கினா கலைக்கூடத்தின்ர வாசல் கதவில சங்கிலியும் ஆமைப்பூட்டும் தொங்குது. ஒரு மட்டையில "கண்காட்சி மாற்றப்படுகிறது" எண்டு மார்க்கரால எழுதிக் கட்டி விட்டிருக்கு, எப்ப திறப்பினம் எண்டு ஒரு எழுத்து இல்லை. இது எனக்கு மூண்டாவது தரம். அந்தக் கோவத்திலதான் இதை எழுதவே தொடங்கினனான், எழுத எழுதக் கோவம் கொஞ்சம் இறங்கிட்டுது, அதால நல்லதையும் சேத்தே சொல்லுறன். பேர் போடேல்ல. கிளிநொச்சி ஆக்களுக்கு எந்த இடம் எண்டு விளங்கும், மற்றது அங்க பொறுப்பா இருக்கிற அக்கா எனக்குத் தெரிஞ்சவா, நாளைக்கு அவாவின்ர முகத்தைப் பாக்க வேணும்.

தெரியாத ஆக்களுக்கு: முந்திச் சங்கக்கடையா இருந்த கட்டடம், திருத்தி வெள்ளை அடிச்சு இப்ப கலைக்கூடம். முன்னால ஒரு ஹோல், பக்கத்தில ஒரு சின்ன அறை, பின்னால சனி ஞாயிறு பிள்ளையளுக்குச் சித்திர வகுப்பு நடக்கிற தகரக் கொட்டில். நிரந்தரமா எண்டு ஒரு படமும் இல்லை, ஆறு கிழமைக்கு ஒருக்கா இருக்கிறதெல்லாம் கழட்டிப்போட்டு வேற ஆக்களின்ர போடுவினம். உள்ள போகக் காசில்லை.

இந்த மாத்துற விசயம்தான் எனக்குப் பிடிச்சது. வெளியாக்கள் கிளிநொச்சிக்கு வந்து என்ன பாத்தவை எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கன வருசமா ஏ9 றோட்டால போறவை இறங்கி நிண்டு படமெடுத்தது சண்டையில உடைஞ்சு விழுந்து கிடந்த தண்ணித் தாங்கியைத்தான். தூண், சிலை, கல்வெட்டு எண்டு ஒருக்கா வைச்சா வைச்சதுதான், அதுக்கு முன்னால நாங்கள் ரெண்டாந்தரம் ஏன் போய் நிக்கப்போறம். இஞ்ச எண்டா மாசி மாதம் பாத்த சுவர் சித்திரைக்கு வேற சுவர், அதால பஞ்சிப்படாமப் போக மனம் வருது.

நான் ஆர் எண்டும் சொல்லோணும், இல்லாட்டி உவர் என்ன பெரிய விமர்சகரோ எண்டு கேப்பியள். படத்துக்குக் கண்ணாடி போடுற கடை வைச்சிருக்கிறன், மீள்குடியேறி வந்த நாளில இருந்து இதுதான் தொழில். சாமிப் படம், கலியாணப் படம், செத்த ஆக்களின்ர படம். கலை எனக்குப் பெரிசாத் தெரியாது, ஆனா ஒரு படம் சுவரில எப்பிடி இருக்கோணும் எண்டு தெரியும், அதால என்ர கண் முதல் ஆணியிலதான் போகும், பேந்துதான் படத்தில.

முதல் போனது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கண்காட்சிக்கு. என்ர தங்கச்சியின்ர மகளின்ர படம் ஒண்டு வைச்சவை எண்டு போனது, இல்லாட்டிப் போயிருக்க மாட்டன். வழமையா படத்தின்ர நடு நிலத்தில இருந்து ஒரு 145, 150 சென்ரிமீற்றர் உயரத்தில வாற மாதிரித்தான் தூக்குறது, வளந்த ஆளின்ர கண்ணுக்கு நேர வரும். இவை எல்லாத்தையும் இடுப்பளவில தூக்கியிருந்தவை. எனக்கு முதல் விசர் வந்தது, என்ன வேலை தெரியாத ஆக்களோ எண்டு. பாத்தா பிள்ளையள் தங்கட படத்துக்கு முன்னால நேர நிண்டு கதைக்குதுகள், தாய்மார்தான் குந்தியிருந்து பாக்கினம், ஒரு அம்மா சீலையை ஒதுக்கிப்போட்டு நிலத்திலேயே இருந்திட்டா. அக்காட்டக் கேட்டன், வேணுமெண்டுதான் அப்பிடிப் போட்டது எண்டா. அண்டைக்கே அவாவில ஒரு மதிப்பு வந்திட்டுது. 2022 இல டொலர் ஏறி பெயின்ற் கடுதாசி எல்லாம் நெருப்பு விலை வித்த நேரம் பழகின பழக்கம், சில பிள்ளையள் இப்பவும் தேயிலைச் சாயத்திலையும் செங்கல் தூளிலையும் கரியிலையும்தான் கீறுதுகள். ஒரு பெடியன் இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து தண்ணி பாயிறதை முழுக்கத் தேத்தண்ணிச் சாயத்திலேயே கீறியிருந்தான், மழைக்காலம் அந்தத் தண்ணி உண்மையிலயே அந்த நிறம்தானே.

அதுக்குப் பிறகு வைகாசியில கூத்துச் சாமான்கள் வைச்சவை. முல்லைத்தீவுப் பக்கத்து முல்லைமோடிக் கூத்தின்ர உடுப்புகள், கண்ணாடித்துண்டு ஒட்டின முடியள் (கிரீடங்கள்), பழைய ஏடு மாதிரி ஒரு கொப்பி. வற்றாப்பளைப் பொங்கல் நேரம் பாத்து வைச்சது நல்ல யோசனை, கண்ணகியம்மனுக்குப் போற சனம் பரந்தனால திரும்பி ஏ35 ஆலதானே போகும். பெயர்ப்பலகையிலதான் பிழை. முடிக்குக் கீழ "பாரம்பரியத் தலை அலங்காரம்" எண்டு போட்டிருந்தவை. ஆர் அப்பிடிச் சொல்லுறது? முடி எண்டா முடி. நான் நிண்ட நேரம் கூத்துப் பழக்கிற ஒரு வயசான அண்ணாவியாரை அவரின்ர பேரன் கூட்டிக்கொண்டு வந்தவன், ஐயா அந்தப் பலகையை வாசிக்கவே இல்லை, முடிக்கு முன்னால நிண்டு கையால தாளம் போட்டு மெதுவாக் கோவலன் பாட்டுப் படிக்கத் தொடங்கிட்டார், போனில கதைச்சுக்கொண்டு நிண்டவையும் நிப்பாட்டிட்டினம். அஞ்சு நிமிசம் இருக்கும். பிறகு பேரனிட்ட "தம்பி உதைப் பூட்டி வைச்சிருக்கினம், வேர்வை படாட்டிப் பழுதாப் போகுமெல்லோ" எண்டார். அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்துப் போகாட்டி மழைக்காலம் பூஞ்சணம் பிடிக்கும், அது எனக்குத் தெரியும்.

நான் பாத்த மூண்டாவது கண்காட்சியைப் பற்றித்தான் கூட எழுத வேணும். வீட்டில மிஞ்சின படங்களைக் கொண்டுவாங்கோ எண்டு ஊராக்களிட்டக் கேட்டு வைச்ச கண்காட்சி. எங்கட சனத்திட்ட அல்பம் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. 2009 இல சண்டைக்குள்ள இடத்துக்கு இடம் ஓடினதில விட்டது, பங்கருக்குள்ள புதைச்சு வைச்சிட்டு வந்து பாத்தா கறையான் திண்டது, மழையில ஒட்டினது. என்ர கடைக்கு வாற படத்தில எத்தினையோ அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சதுதான், முத்திரை அளவுப் படத்தைப் பெரிசாக்கி அதில ஒரு சேட்டும் கொலரும் கொம்பியூட்டரில போட்டுத் தரச்சொல்லுவினம். கலியாணம் கட்டினதுக்கு ஒரு படமும் இல்லாதவை புருசன்ர அட்டைப் படத்தையும் பெஞ்சாதியின்ர அட்டைப் படத்தையும் கொண்டுவந்து ஒண்டாச் சேத்துத் தா தம்பி எண்டு கேட்டிருக்கினம், செய்தும் குடுத்திருக்கிறன்.

ஹோலுக்குள்ள அப்பிடி ஒரு நாப்பது படம் இருக்கும். பெரிசாக்கேல்ல, வடிவாக்கேல்ல, ஓரம் கரிஞ்சதைக் கரிஞ்ச மாதிரியே விட்டிருந்தவை, ஒண்டு ரெண்டா மடிச்சு மடிப்பில முகம் போனது, அதையும் அப்பிடியே. நான் கடையில இருந்து அந்த மடிப்பை அழிக்கிற ஆள், எனக்கு அங்க நிண்டு ஒரு மாதிரிப் போட்டுது. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில கொண்டுவந்த ஆக்களே சொன்னதை அவையின்ர கதையிலயே எழுதியிருந்தது, "இது அம்மா, பக்கத்தில நிக்கிறது ஆரெண்டு தெரியேல்ல" எண்டு ஒண்டு. இஞ்ச தமிழ் நல்லா இருந்தது பாருங்கோ, ஏனெண்டா ஒருத்தரும் மொழிபெயர்க்கேல்ல. மூண்டாம் நாள் வந்த ஒரு மனுசி அந்தத் தெரியாத ஆளை அடையாளம் சொன்னவா எண்டும், பென்சிலால அதில பேர் எழுதினது எண்டும் அக்கா சொன்னா. நான் போகேக்க பென்சில் எழுத்து இருந்தது.

தொழில் பிழை ஒண்டும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். கிழக்குப் பக்க யன்னலுக்குத் திரை இல்லை, விடிய எட்டு மணியில இருந்து பத்து மணி மட்டும் வெய்யில் நேரா எதிர்ச் சுவரில அடிக்குது. மியூசியங்களில கடுதாசிப் படம், வோட்டர் கலர், பழைய போட்டோவுக்கு 50 லக்ஸ் (வெளிச்சம் அளக்கிற கணக்கு) வெளிச்சம்தான் விடுவினம், ஒயில் பெயின்ரிங்குக்கு 200 மட்டில போகலாம், வெய்யில் எண்டா அதுக்கு ஆயிரக்கணக்கில வரும். கலர்ப் போட்டோவில நிறம் செத்து முகம் வெளிறிப் போகும், என்ர கடை வாசலில தொங்கவிட்ட சாமிப்படமே சாட்சி. கடுதாசிப் படங்களை ரெண்டு மூண்டு மாசத்துக்கு மேல வெளிச்சத்தில விடாம எடுத்து இருட்டில வைக்கிறதும் இதுக்குத்தான், அந்தக் கணக்கில ஆறு கிழமை நல்ல கணக்கு, ஆனா அந்தச் சுவரில ஆறு நாளே கூட. இன்னொண்டு, கண்ணாடி படத்தில முட்டக் கூடாது, இடையில ஒரு மட்டை மவுண்ட் வேணும், இல்லாட்டி மாரியில ஈரத்துக்குப் படம் கண்ணாடியோட ஒட்டிப்போடும், பிறகு உரிக்கேக்க முகம் கண்ணாடியில வரும். சனம் ஒண்டே ஒண்டு மிஞ்சினதைக் கொண்டுவந்து தந்திருக்குது, அதை இப்பிடி வைக்கலாமோ? அக்காட்டச் சொன்னன். அடுத்த நாளே யன்னலுக்குப் பழைய பெட்சீற் கட்டினவை. திரை இன்னும் வரேல்ல, பெட்சீற்தான் இப்பவும்.

கடைசியாப் பாத்தது தெற்கில இருந்து வந்த ஒரு இளம் ஓவியரின்ர. ஓவியம் எண்டில்லை, கூரையில இருந்து சாமான் தொங்கவிட்டிருந்தது, ஒரு ரீவியில வீடியோ ஓடுது, அதுக்குக் குடுத்த ஹெட்போனில ஒரு காது வேலை செய்யேல்ல. பலகை மூண்டு மொழியில. தமிழில "தலைப்பிடப்படாதது, கலப்பு ஊடகம், பரிமாணங்கள் மாறுபடும்" எண்டு கிடந்தது, நான் மூண்டு தரம் வாசிச்சிட்டுச் சிங்களத்தில வாசிச்சு விளங்கிக்கொண்டன், இது எனக்கே வெக்கமாக் கிடக்கு. நடு ஹோலில பெரிய தறப்பாள், துண்டு துண்டா வெட்டி நூலால தைச்சு ஒரு வீடு மாதிரி. வடிவாத்தான் இருந்தது, வெளிச்சம் அதுக்குள்ளால நீலமா நிலத்தில விழும்.

எனக்குப் பக்கத்தில நிண்ட ஒரு அம்மா, உள்ளுக்கை குனிஞ்சு பாத்திட்டு, "உதுக்குள்ள நாங்கள் ரெண்டு வருசம் இருந்தனாங்கள், உது என்ன விலையாம்?" எண்டு கேட்டா. விலை எழுதியிருந்ததைச் சொன்னன். ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு தையலைத் தடவிப் பாத்திட்டுச் சொல்லுறா, "பிழையாத் தைச்சிருக்கு தம்பி, மடிப்பு வெளியால வந்தா மழைத் தண்ணி அதுக்கை நிக்கும், உள்ளுக்குத்தான் ஒழுகும்." அந்த வேலையைப் பற்றி இதைவிட ஒரு விமர்சனம் ஒருத்தரும் எழுதப் போறேல்ல எண்டு எனக்குப் பட்டது, ஆனா அதைக் கேக்க அந்தக் கலைஞர் அங்க இல்லை, திறப்பு விழாவுக்கு வந்திட்டு அண்டைக்கே கொழும்புக்குப் போயிட்டாராம். உந்தப் படைப்பு நல்லமோ கூடாதோ எண்டு எனக்கு இன்னும் முடிவெடுக்கத் தெரியேல்ல, சில நேரம் நல்லம் எண்டும் தோணுது, ஏனெண்டா அந்த அம்மா கால் மணித்தியாலம் அதுக்குள்ளயே நிண்டவா. கூடத்துக்காரர் ஒரு நாளாவது அவரை இஞ்ச மறிச்சு வைச்சு ஆக்களோட இருந்து கதைக்க விட்டிருக்கலாம். கொழும்பில 1993 இல தொடங்கின, வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற கலா பொல எண்ட றோட்டோர ஓவியச் சந்தையில கீறின ஆளே தன்ர படத்தோட றோட்டில நிப்பார், நீங்கள் கேட்டா அவர் மறுமொழி சொல்லுவார், அந்த ஒரு விசயத்தையாவது கொப்பி அடிக்கலாம்.

காலத்தைப் பற்றி ஒரு சொல்லு. ஆறு கிழமை எண்ட கணக்கை ஆரோ கலண்டரைப் பாத்துப் போட்டிருக்கினம், வயலைப் பாத்துப் போடேல்ல. மிஞ்சின படங்கள் கண்காட்சி காலபோக (மாரிகால நெல்லு) அரிவு வெட்டு நேரம் வந்தது, சனம் முழுக்க வயலில, மெசின் கிடைச்ச நேரம் வெட்டினாத்தான் உண்டு, பகலில ஆர் படம் பாக்க வாறது? படம் தந்த ஆக்களிலயே பாதிப்பேர் தங்கட படத்தைச் சுவரில பாக்கேல்ல. அதை ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கலாம், அல்லது அரிவு வெட்டுக் காலம் இரவு எட்டு மணி மட்டும் திறந்து வைக்கலாம், லைட்தான் இருக்கே. வீடியோக் கண்காட்சியை அந்த நேரத்தில போட்டிருந்தா ஒருத்தருக்கும் நட்டமில்லை (சரி, கொஞ்சம் பகிடிக்குத்தான்).

மற்ற வசதியள்: ஃபான் மூண்டில ரெண்டு சுத்தும், ரொயிலற் துப்புரவு, திறப்பை அக்காட்டக் கேட்டு வாங்கோணும். வாசலில ஒரு வாங்கு இருக்கு, ஹோலுக்குள்ள ஒண்டும் இல்லை, வயசான ஆக்களுக்கு ரெண்டு கதிரை போட்டா என்ன குறைஞ்சு போகும். படம் வித்தா நூற்றுக்கு இருபது கூடத்துக்கு, மிச்சம் கீறின ஆளுக்கு, அது நியாயம் எண்டுதான் நினைக்கிறன். வருகைப் புத்தகத்தில எல்லாரும் "மிகவும் நன்று, வாழ்த்துக்கள்" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கினம், உண்மையா ஒண்டும் இல்லை, ஒரு சின்னப் பிள்ளை மட்டும் "மேல இருக்கிற படம் எனக்குத் தெரியேல்ல" எண்டு எழுதியிருக்குது. வெளியால பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில உழுந்து வடை நாலு மணிக்குச் சூடா வரும், அதுக்குக் கணக்காப் போங்கோ, வெய்யிலும் அந்த நேரம் மற்றப் பக்கம் போயிடும்.

பூட்டுற விசயம்தான் மிச்சம். மாத்துறதுக்கு நாலு நாள் எடுக்கிறது எனக்கு விளங்குது, கழட்டி, ஓட்டை அடைச்சு, வெள்ளை அடிச்சு, காய விட்டு, திருப்பித் தூக்கோணும், நான் எண்டாலும் அவ்வளவு எடுப்பன். ஆனா விசுவமடுவில இருந்தும் அக்கராயனில இருந்தும் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வாறவை இருக்கினம், எந்தத் தேதி பூட்டு எந்தத் தேதி திறப்பு எண்டு அந்த மட்டையில ரெண்டு வரி எழுத எவ்வளவு மை போகப்போகுது? பேஸ்புக்கில போட்டனாங்கள் எண்டுவினம். பாத்தன், திறந்து மூண்டு நாளுக்குப் பிறகு போட்டிருக்கினம்.

நாலு ஸ்டார். அடுத்தது பனையோலைப் பின்னல் எண்டு கேள்வி, கட்டாயம் போவன். நீங்கள் போறதெண்டா முதல் போன் அடிச்சுத் திறந்திருக்கோ எண்டு கேட்டிட்டுப் போங்கோ, அப்பிடியே யன்னலுக்கு எப்ப திரை வருது எண்டும் ஒருக்காக் கேட்டு விடுங்கோ, நான் சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.