குடிக்காதவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம்: லேவர்ஸ்டோக் மில் ஜின் டிஸ்டில்லரி

ஜின் என் பானமே இல்லை. ஆனாலும் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இருக்கிற, பாம்பே சஃபையர் என்ற ஜின்னைக் காய்ச்சும் டிஸ்டில்லரியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன், காரணம் அதன் பார்வையாளர் மையம். சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குக் குடும்பத்துப் பெரியவர்களை எப்படி அழைத்துப் போவது என்று தயங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக அழைத்துப் போங்கள்.

இந்த டிஸ்டில்லரி இருக்கிற லேவர்ஸ்டோக் மில் முதலில் காகித ஆலை. போர்ட்டல் குடும்பத்தின் ஆலை, பணநோட்டுக்கான காகிதம் செய்த இடம். விக்டோரியா ராணி படம் போட்டு வந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் நோட்டுகளுக்கான காகிதமும் இங்கிருந்துதான் போயிருக்கிறது. (நம் ஊர்க் காசுக்கு இங்கே தாள் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தச் செங்கல் சுவர்களைக் கொஞ்சம் முறைத்துத்தான் பார்த்தேன்.) 2014-ல் ஜின் ஆலையாகத் திறந்தார்கள், வடிவமைப்பு பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் ஸ்டுடியோ.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது புதிதாகக் கட்டியவை அல்ல, ஆற்றை வெளியே கொண்டுவந்ததுதான். வளாகத்துக்குள்ளேயே டெஸ்ட் ஆறு ஓடுகிறது. காகித ஆலைக் காலத்தில் அதை ஒரு குறுகிய கால்வாய்க்குள் அடைத்து, அது இருப்பதே கண்ணில் படாதபடி ஆக்கிவைத்திருந்தார்கள். இப்போது கரையை அகலப்படுத்தி, சில கட்டடங்களை எடுத்துவிட்டு, ஆற்றையே வழிகாட்டியாக வைத்துவிட்டார்கள், தண்ணீரை ஒட்டி நடந்தாலே போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம், அம்புக்குறி தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லோரும் படம் எடுப்பது அந்த இரண்டு கண்ணாடி வீடுகளைத்தான். ஜின் காய்ச்சும் கூடத்தின் சுவரிலிருந்து வளைந்து இறங்கி ஆற்றில் நிற்கின்றன. ஒன்றில் வெப்பமண்டலச் செடிகள், இன்னொன்றில் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடிகள். காய்ச்சும்போது மிஞ்சுகிற சூட்டைக் குழாய் வழியே இங்கே கொண்டுவந்துதான் செடிகளுக்குக் கதகதப்பு. அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை.

ஆனால் என் ஓட்டு உலர்மூலிகை அறைக்குத்தான். இந்த ஜின்னில் சேர்கிற 10 பொருட்களையும் மற்ற வாசனைப் பொருட்களையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள், கையில் ஒரு அட்டை கொடுக்கிறார்கள், முகர்ந்து பார்த்துப் பிடித்ததற்கு அட்டையில் ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டும், கடைசியில் அந்த அட்டையைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற பானத்தைச் சொல்வார்கள். என் மாமியார் வாழ்க்கையில் மதுவைத் தொட்டதில்லை. வாசலில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நின்றார். உள்ளே போனதும் கொத்தமல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு என்று ஒவ்வொன்றாக அவர் பேர் சொல்ல ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அறையே நாட்டு மருந்துக் கடை மாதிரி மணக்கிறது, அவருக்கு அப்புறம் என்ன கூச்சம்?

இந்த மூலிகைகளை இங்கே சாராயத்தில் ஊறப்போடுவதில்லை. ஓட்டை போட்ட செம்புக் கூடைகளில் வைத்து, சாராய ஆவியை அதன் வழியே அனுப்பி வாசனையை ஏற்றுகிறார்கள். முகர்ந்துவிட்டுப் போய் இதைக் கேட்கும்போது விளக்கமே தேவையில்லாமல் புரிகிறது. வரிசையை யோசித்து வைத்திருக்கிறார்கள்: முதலில் மூக்கு, அப்புறம் காது, நாக்கு கடைசியில்.

வேறொரு நாட்டில் ஒரு விஸ்கி ஆலைக்குப் போயிருந்தோம், பேர் வேண்டாம். பளபளவென்று வரவேற்பறை, உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஒரு விளம்பரப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இயந்திரங்களைப் பார்க்கவைத்து, நேராகக் கடைக்குள் தள்ளிவிட்டார்கள். வண்டி ஓட்டவேண்டிய என் அண்ணனுக்கும் மாமியாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, டிக்கெட் மட்டும் எல்லோருக்கும் ஒரே விலை. காசு போட்டுக் கட்டடம் எழுப்புவது வேறு, வந்தவரை வாங்க என்று உட்காரவைப்பது வேறு. ஸ்காட்ச் ஆலைகளில் 1969-லேயே கிளென்ஃபிடிக் பார்வையாளர் மையம் திறந்துவிட்டது. 2018-ல் மக்கல்லன் 14 கோடி பவுண்டு செலவில், புல் முளைத்த மேடுகள்போலக் கூரை போட்டுப் புது ஆலையே கட்டியது. இவ்வளவு காலம் ஆன பிறகும் குடிக்காதவரை என்ன செய்வது என்று யோசிக்காமல் ஒரு மையத்தைத் திறக்கிறார்கள் என்றால் சோம்பேறித்தனம்தான்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். சாராய ஆவி தீப்பிடிக்கக் கூடியது என்பதால் காய்ச்சும் கூடத்துக்குள் போனை எடுக்கவேண்டாம், படங்களை வெளியே ஆற்றங்கரையிலேயே எடுத்துவிடுங்கள். காரில் போனால் யாராவது ஒருவர் தியாகம் செய்தாக வேண்டும், லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஓவர்டனுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், கண்ணாடி வீடுகளை இருட்டில் பார்த்துப் பிரயோஜனமில்லை.