பதினாறு போல்ட்டும் ஒரு ஹேமர் மில்லும்

நேற்று பரமக்குடியிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்து, "உங்க ஹேமர் மில் எப்படிங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது மில்லுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சல்லடைப் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், மூக்கெல்லாம் மரத்தூள்.

40 எச்பி, 2019-ல் வாங்கினது. சிப்பரில் நறுக்கி வரும் சீமைக் கருவேலத்தைத் தூளாக்கி, அதை அழுத்தி எரிகட்டியாக்கும் பிரிக்கெட் பிரஸ்ஸுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். காய்ந்த விறகாக இருந்தால் 8 எம்எம் சல்லடையில் மணிக்கு 600 கிலோ வரும். மோட்டார் காயில் இன்றுவரை எரிந்ததில்லை.

ஈர விறகு வந்தால்தான் வம்பு. கருவேலம்பட்டை தூளாகாமல் நார்நாராகக் கிழிந்து சல்லடைக் கண்ணில் பின்னிக்கொள்ளும். ஆம்பியர் முள் ஏறுவதற்கு முன்னாலேயே சத்தம் கனத்துவிடும், வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மில்லை நிறுத்தி, அடியில் படுத்து, 16 போல்ட். ஒரு பக்கம் கீல் வைத்துக் கதவு மாதிரி திறக்கவிட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? விற்றவரிடம் கேட்டால், "ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டாம பாத்துக்கோங்க சார்" என்கிறார். ஐப்பசி மழையில் எப்படிப் பார்த்துக்கொள்வதாம்?

நியாயமாகப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். பிரிக்கெட்டில் பசை எதுவும் கிடையாது, மரத்தில் இருக்கும் லிக்னின்தான் சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் கூடினால் உள்ளே ஆவி கட்டி, பிரஸ் வாயிலேயே கட்டி படாரென்று சிதறும். ஆக மில் அடைத்துக்கொள்வது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். அதற்காக பதினாறு போல்ட்டா?

நான் எதிர்பார்க்காத விஷயம் பீட்டர், அதாவது மில்லுக்குள் சுழன்று விறகை அடித்து நொறுக்கும் இரும்புப் பட்டை. நான்கு மூலை, ஒன்று மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், வெளியாள் தேவையில்லை. கிளை விறகு மட்டும் அரைத்தால் ஒரு மூலை இரண்டு மாதம் நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னதிலிருந்து எங்கள் பக்கம் ஜேசிபி வைத்துத் தோண்டின தூர்க்கட்டை நிறைய வருகிறது. அதில் ஒட்டிய மண்ணும் பொடிக்கல்லும் அதே மூலையை மூன்றே வாரத்தில் கூழாங்கல் மாதிரி உருட்டிவிடும். ஒருமுறை கஞ்சத்தனம் பார்த்து ஒரே ஒரு பீட்டரை மட்டும் புதிதாகப் போட்டேன், எடை ஒத்துவராமல் ஷாஃப்ட் ஆடி பேரிங் போச்சு. அது என் தப்பு. இப்போது ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் மாட்டுகிறேன், வீட்டில் திட்டு விழுகிறது.

நண்பரிடம் "வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். இன்று காய்ந்த லோடு வந்து காலையிலிருந்து சத்தம் மாறாமல் ஓடுகிறது, ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்வதாக இல்லை. பதினாலுதான் முடுக்கியிருக்கிறேன், மீதி இரண்டு போல்ட்டைத் தூள் குவியலுக்குள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.