கேர் வேலை தேடும் நம் ஆட்களுக்கு: 285 பவுண்டு கொடுத்து இந்தச் சான்றிதழை வாங்காதீர்கள்

"கேர் சர்டிபிகேட்" என்று சொல்லி எனக்கு ஒரு தாளை விற்ற ஆன்லைன் பயிற்சித் தளத்திலிருந்து நேற்று இரவு கடைசிப் பதில் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். 285 பவுண்டு. ஊர்க் காசுக்கு 30,000 ரூபாய்க்கு மேல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் கேர் ஹோம் (முதியவர்களையும் முடியாதவர்களையும் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம்) வேலைக்கு முயற்சி செய்கிற தமிழர்கள், முக்கியமாகக் கணவரின் விசாவில் வந்து முதல் வேலை தேடுகிற பெண்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இங்கே வந்தபின் கேர் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். என் அப்பாயி கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவள் என்பதால், இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று தெரியும். வேலை விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தத் தளம் கண்ணில் பட்டது. "கேர் சர்டிபிகேட் இல்லாமல் எந்த ஹோமிலும் எடுக்க மாட்டார்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயரும் போன் நம்பரும் கொடுத்தேன். உடனே அழைப்பு வந்துவிட்டது.

"அக்கா, பேரைப் பார்த்ததுமே தமிழ்னு தெரிஞ்சுபோச்சு. எந்த ஊர்க்கா நீங்க?"

"திருச்சி."

"அட, நான் லால்குடிக்கா!"

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு அந்நியர் ஒருவரிடம் பேசுகிற எண்ணமே போய்விட்டது. குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா, குளிர் பழகிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தான். பிறகுதான் கோர்ஸ் பேச்சு. "உங்க தலையில எதையும் கட்ட மாட்டேன்க்கா. இது சிக்யூசி அப்ரூவ்டு. இதைக் காட்டினா எந்த ஹோம்லயும் மறுபேச்சு கிடையாது. 600 பவுண்டு கோர்ஸ், இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் 285." திரையிலும் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. (அதே கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது, அதே விலையில். இன்று காலை பார்த்தேன்.) கார்டு நம்பரைப் போடும்வரை அவன் போனை வைக்கவில்லை. "ஓடிபி வந்துச்சாக்கா?" என்று கேட்டுக் காத்திருந்து, பணம் போனதை உறுதி செய்துகொண்டு, "வாழ்த்துகள்க்கா" என்றான்.

கோர்ஸ் என்பது வீடியோக்களும், ஒவ்வொன்றின் முடிவிலும் சில கேள்விகளும். தப்பான விடையைத் தொட்டால் "மீண்டும் முயலுங்கள்" என்று வரும். சரியானதைத் தொடும்வரை விடாது. படுக்கையிலிருப்பவரைத் தூக்குவது, மாற்றி உட்கார வைப்பது, மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்துவது, எல்லாமே வீடியோ. முடித்ததும் தங்கப் பட்டை போட்ட ஒரு பிடிஎஃப். அச்சடித்த பிரதி தபாலில் வேண்டுமென்றால் தனியாக 35 பவுண்டு கேட்டார்கள். அதை நான் கொடுக்கவில்லை.

அந்தத் தாளோடு ஒரு கேர் ஹோம் இன்டர்வியூவுக்குப் போனேன். அந்த ஹோமின் மேனேஜர் அம்மா தாளைக் கையில் வாங்கினார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்கள் இதையெல்லாம் செய்ததை யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்?" யாருமில்லை என்றேன். தாளை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "இது கேர் சர்டிபிகேட் இல்லை. உங்களிடம் இதற்குக் காசு வாங்கியிருந்தால் அது அநியாயம்" என்றார். அப்புறம் அவர் விளக்கியதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தத் தளம் மறைத்தது முழுக்க இதுதான்.

கேர் சர்டிபிகேட் என்பது வேலைக்குச் சேருமுன் கடையில் வாங்குகிற பொருளே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு, பொதுவாக முதல் 12 வாரத்துக்குள், முதலாளிதான் அதை முடிக்க வைக்க வேண்டும். பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நிஜமான வேலையிடத்தில், தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்து, "இவருக்குச் செய்யத் தெரிகிறது" என்று ஒவ்வொரு தரநிலைக்கும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை எந்த இணையதளத்தாலும் தர முடியாது. இந்தச் சான்றிதழுக்கான பயிற்சிப் புத்தகங்களை, கேர் ஊழியர்களின் பயிற்சியைக் கவனிக்கிற ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற பாடத்துக்கு என்னிடம் 285 பவுண்டு.

"சிக்யூசி அப்ரூவ்டு" என்றானே, அது பச்சைப் பொய். சிக்யூசி என்கிற கேர் குவாலிட்டி கமிஷன் இங்கிலாந்தின் ஹோம்களையும் மருத்துவமனைகளையும் சோதனை செய்கிற அமைப்பு. அது எந்தப் பயிற்சி கோர்ஸுக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. இன்னொன்று: 2015 ஏப்ரலில் கேர் சர்டிபிகேட் வந்தபோது அதில் 15 தரநிலைகள். 2025-இல் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய ஒன்றைச் சேர்த்து 16 ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த தாளில் 15 தான் இருக்கிறது. பழைய சரக்கைக்கூட மாற்றாமல் விற்கிறார்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் எரிய வைப்பது வேறு. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமலும், அழுக்கான படுக்கையிலும் கிடந்த கொடுமையை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013-இல் வந்தது. அதே ஆண்டு பத்திரிகையாளர் கமிலா கேவண்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கை, கேர் உதவியாளர்களுக்கான பயிற்சி இடத்துக்கு இடம் ஒரு தரத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவான ஓர் அடிப்படைச் சான்றிதழ் வேண்டும் என்றது. அப்படி வந்ததுதான் இது. அதை நாலு கேள்விக்கு விடை தொட்டால் கிடைக்கிற தாளாக்கி விற்பது, நீச்சலை வீடியோவில் பார்த்தவனை ஆற்றில் இறக்கி விடுவதுபோல. இங்கே மூழ்கப் போவது அவன் அல்ல, நம்மை நம்பிக் கையைக் கொடுக்கிற கிழவர் ஒருவர்.

அந்த மேனேஜர் அம்மா என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். பயிற்சி அவர்கள் செலவில், பயிற்சி நேரத்துக்கும் சம்பளம். ஹாய்ஸ்ட் (நடக்க முடியாதவரைத் தூக்கி மாற்றும் கருவி) பயிற்சியன்று முதலில் என்னைத்தான் அந்தத் துணித் தொட்டிலில் உட்கார வைத்து மேலே தூக்கினார்கள். தூக்குவதற்குமுன் பயிற்சியாளர் அந்தத் துணியின் ஓரத்திலிருந்த பட்டையைக் காட்டினார்: எவ்வளவு எடை தாங்கும், என்ன அளவு, கடைசியாகச் சோதித்த தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். தப்பான அளவில் மாட்டினால் ஆள் நழுவி விழுந்துவிடுவார். கால் தரையை விட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எண்பது வயதில் பேசவும் முடியாத ஒருவருக்கு அது எப்படி இருக்கும்? அந்தப் பட்டையைப் பற்றி 285 பவுண்டு கோர்ஸில் ஒரு வார்த்தை கிடையாது.

இனி அவர்கள் தட்டிக் கழித்த கதை. முதலில் லால்குடித் தம்பிக்கு வாட்ஸ்அப் செய்தேன். "பார்த்துச் சொல்றேன்க்கா" என்றான். பிறகு நீல டிக் மட்டும் வந்தது, பதில் இல்லை. சாட்டில் கேட்டால் ஈமெயில் அனுப்பச் சொன்னார்கள். ஈமெயிலுக்கு ஒரு டிக்கெட் எண் வந்தது. அதைச் சொல்லிப் போனில் கேட்டால், "அது வேறு துறை" என்றார்கள். பிறகு ஒருநாள், "நீங்கள் கோர்ஸை 100 சதவீதம் முடித்துவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று எழுதினார்கள். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற உரிமையைச் சொன்னேன். பாடத்தைத் திறக்கும்போது ஒரு பெட்டியில் டிக் செய்தீர்கள், அதோடு அந்த உரிமை போய்விட்டது என்றார்கள். கோர்ஸ் பக்கத்தின் அடியில் கடுகு எழுத்தில் "இது அறிவுப் பகுதி மட்டுமே" என்று போட்டிருப்பதையும் காட்டினார்கள். போனில் அவர்கள் ஆள் சொன்ன வாக்குறுதி பற்றிக் கேட்டால், "அழைப்புப் பதிவு எங்களிடம் இல்லை." நேற்றைய கடைசிப் பதிலில் என்ன இருந்தது தெரியுமா? அடுத்த கோர்ஸுக்கு 40 சதவீதம் தள்ளுபடி!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு முன்பே கேர் சர்டிபிகேட் வாங்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள். இந்த மாதிரி கோர்ஸ்களில் போடுகிற சிபிடி (தொடர் தொழிற்பயிற்சி) முத்திரை என்பது அரசு அங்கீகரித்த தகுதி அல்ல. உண்மையான தகுதியா என்று, இங்கிலாந்தில் தகுதிகளை முறைப்படுத்துகிற ஆஃப்குவால் அமைப்பின் பதிவேட்டில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். 100 பவுண்டுக்கு மேல் கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ஏமாற்றினால் கார்டு கம்பெனியிடமும் கேட்க முடியும். நான் டெபிட் கார்டில் கட்டியதால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேட்டிருக்கிறேன். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தால், வியாபார மோசடிகளை விசாரிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போகும். நான் கொடுத்துவிட்டேன்.

இதே மாதிரி "நம்ம ஊர்க்கா" என்று யாராவது உங்களுக்கும் போன் செய்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள், எத்தனை பேர் என்று தெரிந்தால் புகாரோடு சேர்க்கலாம். வங்கியிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.