வெண்கலமா, பளிங்கா? ரோமானியரின் வீட்டுச் சிலைகள்

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயில் ‘ஃபானின் வீடு’ என்று ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. 1830-இல் அங்கே கிடைத்த ஆடும் ஃபான் (காட்டுத் தேவதை) சிலையால் வந்த பெயர் அது. வெண்கலம், உயரம் வெறும் 71 சென்டிமீட்டர். நுனிக்காலில் நிற்கிறான். கைகள் இரண்டும் மேலே, முகம் வானத்தைப் பார்க்க, முதுகின் அடியில் குட்டி வால். மொத்த எடையும் அந்தப் பாதங்களின் நுனியில்.

இதே உருவத்தைப் பளிங்கில் செதுக்கினால் கணுக்கால் தாங்காது. சிற்பி காலோடு ஒட்டி ஓர் அடிமரத்தைச் செதுக்குவார், தூக்கிய கைக்கும் முட்டுக் கொடுப்பார். ஆட்டமே போய்விடும். வெண்கலச் சிலையோ உள்ளே வெற்றுக்கூடு. மெழுகை உருக்கி வெளியேற்றிய அச்சில் பகுதி பகுதியாக வார்த்து இணைத்துவிடலாம். எடையும் குறைவு, உலோகம் இழுவையையும் தாங்கும்.

நிறத்தில் என்னைக் கேட்டால் இரண்டும் சமம். பளிங்குக்கு வண்ணம் பூசினார்கள்; நாம் பார்க்கும் வெள்ளை, வண்ணம் போனபின் மிஞ்சியது. வெண்கலத்தின் பச்சையும் அப்படித்தான், காலத்தின் வேலை. புதிதில் பொன்போல மின்னும். ஆனால் கண் விஷயத்தில் வெண்கலம் ஒரு படி மேல். பொம்பெயோடு புதைந்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தின் பப்பைரஸ் மாளிகையில் கிடைத்த ஓட்டக்காரச் சிறுவர்களின் வெண்கலச் சிலைகளுக்குக் கண்களைத் தனியாகச் செய்து பதித்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் எதிரே நின்றால் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும்.

அப்புறம், வேலை செய்யும் சிலைகள். 1925-இல் பொம்பெயில் கிடைத்த எஃபீப், கிரேக்க பாணி இளைஞன், உண்மையில் ஒரு விளக்குத் தாங்கி. விருந்துக்காரர்களுக்கு வெளிச்சம் பிடிப்பது அவன் உத்தியோகம். அழகான கிரேக்க உடலை வேலையாளாக நிறுத்துவது எனக்கு லேசான அசட்டுத்தனமாகவே படுகிறது. ஆனாலும் கையிலிருந்து மெல்லிய விளக்குக் கிளைகளை நீட்டப் பளிங்கால் முடியாது.

பளிங்கு ஜெயிக்கும் இடம் பாரம் வேண்டிய இடம். முற்றத்து மேசைக்குச் சிங்கக்கால், தோட்டத்தில் ஊன்றிய தலைத்தூண் (உச்சியில் தலை செதுக்கிய தூண்) எல்லாம் அதற்குரியவை. முதல் நூற்றாண்டு வாக்கில் இத்தாலியின் லூனாவிலேயே நல்ல பளிங்கு வெட்டினார்கள், கிரேக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலை இல்லை. வெண்கலத்தில் மோகம் வேறு ரகம்: விலை உயர்ந்த கொரிந்து வெண்கலப் பாத்திரங்கள் மேல் இருந்த ஆசைக்காகப் பேரரசர் அகஸ்டஸையே சிலர் கேலி செய்து எழுதியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் சொல்கிறார்.

வெட்டியஸ் என்ற பெயர்கொண்ட இரு பணக்காரர்கள் இந்தப் போட்டியில் பக்கம் எடுக்கவில்லை. அவர்களுடைய பொம்பெய் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வகைச் சிலைகளும் கலந்து நின்று, குழாய்த் தண்ணீரைத் தொட்டிகளில் பீச்சின. காசு இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். இல்லையென்றால் ஒரே ஒரு சின்ன வெண்கலம் போதும்.