பேட்டரியா, செல்ஃபா, எர்த் ஒயரா?

பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் கார் நாலு நாள் ஒழுங்காகக் கிளம்பி, ஐந்தாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிட்டால், பார்க்கிறவர் எல்லாம் சொல்வது பேட்டரியை மாற்றத்தான். கடைக்காரர் வீட்டுக்கே வந்து மாட்டித் தருவார், வேலை சுலபம். ஆனால் சாகப்போகிற பேட்டரி இப்படி மூடு பார்த்து வேலை செய்வது குறைவு. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் திணறும், நாளுக்கு நாள் மோசமாகும். இன்னொன்று, புது பேட்டரி மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பெயர் பேட்டரிக்குப் போய்விடும்!

அடுத்த கட்சி செல்ஃப் மோட்டார், அதாவது சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற மோட்டார். வட சென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சூடேறிய பிறகு மட்டும் மக்கர் செய்தால் சந்தேகம் இங்கே வலுக்கும். ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டக்' சத்தம் வந்தும் வெளிச்சம் குறையவே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் சொலினாய்டு சுவிட்சின் காண்டாக்டோ, மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், பல வண்டிகளில் செல்ஃப் தாழ்வாகத்தான் இருக்கும். பழசுக்கு பழசு மாற்றித் தருகிறேன் என்பார்கள். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் நன்றாக இருந்தால் உங்கள் மோட்டாரிலேயே பிரஷ், புஷ், காண்டாக்ட் மாற்றச் சொல்லுங்கள். யார் வண்டியில் கிடந்ததோ தெரியாத மோட்டாரை விட அது மேல்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கிற எர்த் ஒயருக்கும் அதன் இணைப்புகளுக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. பேட்டரி முனையைக் கவ்வும் கிளாம்ப்பில் பச்சையாகப் பூத்த பொடி கண்ணுக்குத் தெரியும். எர்த் ஒயரின் ரப்பருக்குள் செம்பு கறுத்துக் கிடப்பதுதான் தெரியாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழில் வையுங்கள், மறு முனையை அதன் மேல் இருக்கும் கிளாம்ப்பில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அங்கேதான் கரண்ட் சிக்குகிறது. அப்படியே நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜினின் வெற்று இரும்புக்கும் நடுவே பாருங்கள். அரை வோல்ட் வந்தால் எர்த் ஒயரை மாற்றிவிடலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். ஆப்ப சோடா கலந்த வெந்நீர், பழைய டூத் பிரஷ், துடைத்துக் காயவைத்து இறுக்கிய பின் கொஞ்சம் வாஸ்லின். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதே மீட்டரை இரண்டு குமிழ்களுக்கும் வைத்தால் பேட்டரி வழக்கும் முடியும். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. போனால் முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்புறமும் இறங்கினால்தான் புது பேட்டரி.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் இந்த மூன்றுமே குற்றவாளி இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை 'ஆன்' செய்ததும் பின் சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். முனகல் இல்லையா, பியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டு பம்ப்புக்குப் போங்கள்.