மலையே மூலவர்: ஜப்பானின் ஓமிவா ஆலயம்

ஜப்பானின் நாரா மாகாணத்தில், சகுராய் நகரில் உள்ள ஓமிவா ஆலயத்தில் கருவறை கிடையாது. இது ஜப்பானின் பாரம்பரியச் சமயமான ஷிண்டோவைச் சேர்ந்தது. 467 மீட்டர் உயரமுள்ள மிவா மலையே ஓமோனோனுஷி என்னும் தெய்வத்தின் உறைவிடம் என்பதால், 1664ஆம் ஆண்டில் அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகன் தொகுகாவா இயெட்சுனா மீண்டும் கட்டுவித்த வழிபாட்டு மண்டபத்தின் முன் நின்று, பின்னால் எழும் மலையை நோக்கியே மக்கள் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி வழிபடுகிறார்கள். மண்டபத்துக்கும் மலைக்கும் இடையில் மூன்று வாயில்கள் ஒன்றாக இணைந்த அரிய தோரணம் இருந்தாலும், பொதுவாக வழிபடும் இடத்திலிருந்து அது கண்ணில் படுவதில்லை. அந்தக் குறை தீர, வடக்கே யமனோபே பாதையில் நடந்து ஹிபாரா ஆலயத்துக்குச் சென்றால், அதே அமைப்பை நேரில் காணலாம்.

இத்தெய்வம் பாம்பு வடிவில் தோன்றும் என்ற நம்பிக்கையால், முற்றத்தில் நிற்கும் முதிய சிடார் என்னும் ஊசியிலை மரத்தின் அடியில் முட்டைகளும் சாக்கே என்னும் அரிசி மதுவும் படைக்கப்படுகின்றன. சாக்கே வடிப்போருக்கும் இதுவே காவல் தெய்வம்.

மலையேற்றத்தைத் தவறவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அருகிலுள்ள சாயி என்னும் ஷிண்டோ ஆலயத்தில் 300 யென் செலுத்திப் பெயரைப் பதிவு செய்தால், மணி கட்டிய வெண்ணிறப் பட்டை ஒன்றைத் தருவார்கள். இறங்கி வரும்வரை அதைக் கழற்றக் கூடாது. மேலே படம் எடுக்கவோ, உணவு உண்ணவோ, ஓர் இலையைக்கூடப் பறிக்கவோ அனுமதியில்லை. இந்தக் கட்டுப்பாடுகளால்தான், புகழ்பெற்ற பல தலங்களில் இன்று காணக் கிடைக்காத அமைதி இங்கே நிலைத்திருக்கிறது. சிலர் வெறுங்காலுடன் ஏறுவதையும் காணலாம். பாதை செங்குத்தானது, ஏறி இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் சாயி ஆலயத்தில் இலவசமாகக் கிடைக்கும் புனித ஊற்று நீரை அருந்தித் திரும்புவதே நல்லது.

நாராவிலிருந்து மிவா நிலையம் சுமார் அரை மணி நேர ரயில் பயணம். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. பதிவு நண்பகலில் முடிந்துவிடும், விழா நாட்களிலும் மோசமான வானிலையிலும் மலைப்பாதை மூடப்படக்கூடும் என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு காலையிலேயே சென்றுவிடுங்கள். மதிய உணவுக்கு இவ்வூரின் புகழ்பெற்ற சோமென் நூடுல்ஸ் வாசலருகிலேயே கிடைக்கும்.